செப்டிக் டேங்க் கழிவைக் கத்தரிப் பாத்தியில் விடலாமா?

டேங்க் கழிவை எடுக்க வந்த லாரிக்காரர் "நல்ல உரம்" என்றார் என்பதற்காக அதை அப்படியே பாத்தியில் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. சத்து இருப்பது உண்மைதான், தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. ஆனால் ஐந்து வருடம் டேங்கில் கிடந்ததே, மக்கியிருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாக மக்கியிருக்காது, ஏனென்றால் நேற்று சேர்ந்ததும் அதில்தான் கலந்திருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை உருளைப்புழு முட்டைதான். கிருமிகள் பலவும் வெயிலில் காய்ந்து செத்துவிடும், இந்த முட்டை மட்டும் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடந்து, அங்கே விளையாடும் பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குள் போய்விடும்.

மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. லாரிக் கழிவைப் படுகையில் காயவைத்து, வடியும் நீரைத் தனியாகச் சுத்திகரிக்கிறார்கள். உங்கள் ஊர் லாரியும் இப்படி ஒரு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், அதை முதலில் கேளுங்கள்.

அப்புறம், காயவைத்த கழிவு கிடைத்தாலும் அவசரம் வேண்டாம். நம் ஊர் வெப்பத்துக்கு, புதிதாக எதுவும் சேர்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். அதன்பிறகும் தென்னைக்குப் போடுங்கள், கீரைக்கு வேண்டாம்.