வாசலுக்கும் தோப்புக்கும் எந்த கேமரா? கேள்வி பதில்

பென்னாகரம்: அண்ணா, வாசல்ல இருந்து கேட் முப்பது அடி. கடையில 8 மெகாபிக்சல்தான் நல்லதுன்னு சொல்றாங்க. வாங்கலாமா?

முதலில் லென்ஸைக் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் (படப் புள்ளி) வேண்டும் என்பது இத்துறையில் உள்ள அளவுகோல். கடைகளில் பெரும்பாலும் தருவது 2.8 மி.மீ. அகல லென்ஸ். அதில் 2 மெகாபிக்சல் கேமரா பத்தடி வரைதான் முகத்தைத் தெளிவாகக் காட்டும். 8 மெகாபிக்சலே போட்டாலும் இருபது அடியோடு சரி. அதே 2 மெகாபிக்சலில், பார்வை குறுகலாகவும் தூரம் பெரிதாகவும் தெரியும் 6 மி.மீ. லென்ஸ் என்றால் இருபத்தைந்து அடியைத் தாண்டும். உங்கள் கேட்டுக்கு 4 மெகாபிக்சல், 6 மி.மீ. வாங்குங்கள். வாசல் முழுக்கத் தெரிய இன்னொன்று அகல லென்ஸில் போதும். ஒன்பது, பத்தடி உயரத்துக்கு மேல் மாட்டாதீர்கள். மொட்டை மாடியில் வைத்தால் தலையும் தொப்பியும்தான் பதிவாகும்.

காவேரிப்பட்டணம்: ஆறு ஏக்கர் மாந்தோப்பு சார். கரண்ட் கிடையாது. பெங்களூரா காய் பருவத்துல ராத்திரியில பறிச்சிட்டுப் போயிடுறாங்க. சோலார் கேமரா பிடிக்குமா?

ஒரு வருஷ உழைப்பு ஒரு ராத்திரியில் போவது பெரிய கொடுமை. சிம் போடும் 4ஜி சோலார் கேமரா உங்களுக்குப் பொருந்தும், ஆனால் வைக்கும் இடம் சரியாக இருக்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த இவற்றில் பல எந்நேரமும் பதிவு செய்யாது. உடல் சூட்டை உணர்ந்து விழித்துக்கொண்ட பிறகே பதியும். அந்த உணரி எட்டு, பத்து மீட்டருக்குள்தான் நம்பகமாக வேலை செய்யும். ஆறு ஏக்கரை ஒரு கேமரா காக்காது.

மூட்டை மூட்டையாகக் காயைத் தலையில் சுமந்து போக முடியாது, வண்டி வந்தே ஆக வேண்டும். அதனால் மரங்களை விட்டுவிட்டு வண்டிப் பாதையைக் குறிவையுங்கள். கம்பம் நடும் இடத்திலேயே போனை வைத்து எந்த நெட்வொர்க்குக்கு சிக்னல் வருகிறது என்று பார்த்த பிறகு சிம் வாங்குங்கள். பேனல் தெற்கு பார்த்து, மர நிழல் விழாமல் இருக்கட்டும். மெமரி கார்டை மட்டும் நம்பாதீர்கள். கேமராவைக் கழற்றினால் கார்டும் சேர்ந்து போய்விடும். இணையத்தில் சேமிக்கும் கிளவுட் பதிவு உள்ளதாகப் பாருங்கள். முடிந்தால் இன்னொரு கேமரா இதையே பார்க்கும்படி வையுங்கள்.

தேன்கனிக்கோட்டை: ராகிக் கொல்லைக்கு யானை வருது. கேமரா வெச்சா முன்னாடியே தெரியுமா அண்ணா?

போனுக்கு எச்சரிக்கை வரும். அதைப் பார்த்துவிட்டு டார்ச்சோடு வெளியே போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். சைரன் அடிக்கும் மாடல் அந்தப் பக்கம் வேண்டாம். மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாலக்கோடு: ராத்திரியானா படம் வெள்ளையா மூட்டம் போட்டுடுது.

சிலந்தி வலையாக இருக்கும். இருட்டில் படம் பிடிக்க கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மென்மையான துணியால் துடையுங்கள். பக்கத்துச் சுவரில் வெளிச்சம் பட்டுத் திரும்பினாலும் இப்படி ஆகும்.

அரூர்: நாலு கேமராவுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க் எத்தனை நாள் வரும்?

ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) பதிவு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலுக்கும் சேர்த்து சுமார் 86. பதினோரு நாளில் பழைய பதிவு அழியத் தொடங்கும். ஊருக்குப் போகிறவர் என்றால் 2 டிபி போடுங்கள்.

ஓசூர்: ஆன்லைன்ல பேர் தெரியாத கேமரா பாதி விலைக்கு வருது சார்.

வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும், பதிவைச் சேமிக்கும் பெட்டிகளான டிவிஆர்களையும் கூட்டம் கூட்டமாகக் கைப்பற்றியது. உங்கள் வீட்டு வாசலை ஊரான் பார்க்க நீங்களே வழி விடக் கூடாது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள், கேமரா மாட்ட வந்தவரிடமும் சொல்ல வேண்டாம்.

ஊத்தங்கரை: திருட்டு நடந்துபோச்சு. போலீஸ் பதிவைக் கேக்கறாங்க. என்ன செய்யணும்?

இன்றைக்கே பிரதி எடுங்கள், புதுப் பதிவு மேலே பதிந்து பழையது அழிந்துவிடும். டிவிஆர் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வீடியோவை வெட்டவோ வாட்ஸ்அப்பில் மாற்றி அனுப்பவோ வேண்டாம், மூலக் கோப்பையே கொடுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும். அதை எப்படித் தருவது என்று விசாரணை அதிகாரியிடமே கேளுங்கள். அதுவரை டிவிஆரின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி யாரிடமும் கொடுக்காதீர்கள்.