"பேபி" பட்டத்தோடு பிளஸ் டூ முடிக்கும் பெண்ணுக்கு

பிளஸ் டூவுக்குப் பிறகு மகளை என்ன படிக்க வைப்பது என்று ஆலோசனை கேட்டு, போன சனிக்கிழமை என்னிடம் மூன்று பேர் வந்திருந்தீர்கள்: நீங்கள், உங்கள் தம்பி, உங்கள் மகள். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் ஒரு மணி நேரம் உங்கள் தம்பி பேசினார், மிச்சத்தை நீங்கள் பேசினீர்கள். மகள் தானாக வாய்திறந்து பேசியது இரண்டே வாக்கியம். முதல் வாக்கியம், "தண்ணி இருக்கா சார்?" இரண்டாவதை அப்புறம் சொல்கிறேன்.

பெயர் போடாமல் எழுதலாம் என்று நீங்கள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் சில அம்மாக்கள் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் இருக்கிறார்கள். ஆறு வயதில் ஒரு விளம்பரம், அடுத்த வருடமே சீரியல், தெருவில் போனால் கன்னத்தைக் கிள்ளும் கூட்டம், பெயருக்கு முன்னால் "பேபி". பதினோரு வயதில் பால்பல் எல்லாம் விழுந்து முடிந்து, பிள்ளை திடீரென்று நாலு அங்குலம் வளர்ந்துவிட்டாள். கதையில் "பதினைந்து வருடங்களுக்குப் பிறகு" என்று ஒரு வரி போட்டார்கள். மறுநாளிலிருந்து அதே பாத்திரத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். உங்கள் வீட்டில் அதற்கப்புறம் அந்த சேனலையே போடுவதில்லை என்று சொன்னீர்கள்.

அந்த ஐந்து வருடங்களுக்காக நீங்கள் வேலையை விட்டீர்கள். செட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஷாட்டுக்கு நடுவே கணக்கு நோட்டைத் திருத்தினீர்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆறுதல் இத்தோடு போதும். உங்கள் தம்பி வைத்திருக்கும் திட்டம் தவறு. அதற்குப் பணம் எடுக்க நினைத்திருக்கும் இடம் அதைவிடத் தவறு.

திட்டம் இதுதான். பிளஸ் டூ முடிந்ததும் மூன்று வருடம் போட்டோஷூட், நடிப்புப் பயிற்சி, நடனம், ஜிம், ஒரு மேனேஜர். செலவு எட்டு லட்சம். ஊர் வாய்க்காக ஏதாவது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் விஷுவல் கம்யூனிகேஷன். பிறகு கதாநாயகி. "ஸ்ரீதேவி வரலையா, மீனா வரலையா, ஷாலினி வரலையா" என்று மேசையைத் தட்டிக் கேட்டார் மாமா.

வந்தார்கள், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் எப்படி வந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஸ்ரீதேவி 1967-ல் சின்னஞ்சிறு குழந்தையாக முருகன் வேடத்தில் நடித்தவர். 1976-ல், பதின்மூன்று வயதில், "மூன்று முடிச்சு" படத்தில் கதாநாயகி. இடையில் கேமராவை விட்டு அவர் விலகவே இல்லை. அதற்குக் கொடுத்த விலை பள்ளியும் கல்லூரியும். உங்கள் மகள் ஆறு வருடமாகக் கேமரா முன்னால் நிற்கவில்லை, நிற்க ஆசைப்பட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஷாலினி 1997-ல் நாயகியாகத் திரும்பி, சில வருடங்கள் நடித்து, திருமணத்தோடு தானாகவே நிறுத்திக்கொண்டார். அவர் முடிவு, அவர் வாழ்க்கை. மாமா சொன்ன மூன்று பெயரும் நமக்கு நினைவில் இருப்பதற்குக் காரணமே அவர்கள் மூன்று பேர்தான் என்பது. எண்பதுகளில் டைட்டில் கார்டில் ஓடிய மற்ற "பேபி"களில் பத்துப் பேரை அவரைச் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்.

நீங்கள் கேட்காத ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஷெர்லி டெம்பிள். 1928-ல் பிறந்தவர், மூன்று வயதில் நடிக்க வந்தவர். 1935 முதல் 1938 வரை நாலு வருடம் ஹாலிவுட்டின் வசூலில் முதலிடம் அந்தச் சிறுமிக்குத்தான். ஆறு வயதில் சிறப்பு ஆஸ்கர். பெண் வளர வளர மவுசு குறைந்தது, 22 வயதில் சினிமாவிலிருந்து ஓய்வு அறிவித்துவிட்டார். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் தன் கணக்கைப் பார்த்திருக்கிறார். சம்பாதித்தது 32 லட்சம் டாலருக்கு மேல், மீந்திருந்தது சுமார் 44,000 டாலர். அவருடைய அப்பா வங்கியில் வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பணத்தை யாரோ திருடன் கொண்டுபோகவில்லை. குடும்பத்துக்கே செலவாகிப் போனது.

அவர் அதோடு முடங்கிவிடவில்லை. 1969-ல் ஐ.நா. சபைக்கு அமெரிக்கக் குழுவில் ஒருவராகப் போனார். 1974-ல் கானா நாட்டுக்கும் 1989-ல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதர். 1972-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, மற்றவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லவே கூசிய காலத்தில், வெளிப்படையாகப் பேசினார். 2014-ல் 85 வயதில் இறந்தார். மறுபடி கதாநாயகியாக்க யாரும் முட்டிமோதாததால் கிடைத்த அறுபது வருடங்கள் அவை.

இப்போது உங்கள் வீட்டு வைப்புத்தொகைக்கு வருகிறேன். 2017-ல் குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகளைத் திருத்தியபோது குழந்தைக் கலைஞர்களுக்கென்று சில கட்டுப்பாடுகள் வந்தன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிலையான வைப்பாகப் போக வேண்டும், அது மேஜரானதும் அந்தப் பிள்ளைக்குத்தான். உங்கள் மகள் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த விதி இது. நீங்கள் முறையாகவும் செய்திருக்கிறீர்கள், வட்டியோடு ஐந்தரை லட்சம் நிற்கிறது என்றீர்கள். இன்னும் ஐந்து மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு. அந்தப் பணத்தை எடுத்து, மேலே இரண்டரை லட்சம் கடன் வாங்கித்தான் மாமாவின் எட்டு லட்சம்.

கூடாது. எட்டு வயதுப் பிள்ளை ஹோலி சீனில் ராத்திரி பத்து மணிக்கு மூக்கில் கலர்ப்பொடி ஏறி இருமிக்கொண்டே சம்பாதித்த காசு அது. அதை எங்கே போடுவது என்று முடிவு செய்ய உங்களுக்கும் உரிமை இல்லை, உங்கள் தம்பிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

உங்கள் கணவர் வீட்டார் சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா விஷயத்தை ஒரே வரியில் முடிக்கிறேன்: கணக்குப் பாடத்துக்குப் பயந்து தூங்காத பெண்ணைக் காசு கொடுத்து அங்கே உட்கார வைக்காதீர்கள்.

சரி, அந்த இரண்டாவது வாக்கியம். உங்கள் தம்பி போன் பேச வெளியே போனார், நீங்கள் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். அப்போது அவள் கேட்டாள்: "தாத்தாவுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற அக்கா என்ன சார் படிச்சிருப்பாங்க?"

தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம், பேச்சு போய்விட்டது என்று நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். நான் அவளிடம் கொஞ்சம் தோண்டினேன். தாத்தாவுக்குத் "தண்ணி" என்று சொல்ல வராதாம், ஆனால் முருகன் பாட்டு இரண்டு வரி ராகத்தோடு தடுக்காமல் வருமாம். அதைக் கண்டுபிடித்தது அவள்தான். அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். முதல் எழுத்தை மட்டும் உதட்டசைவோடு "த…" என்று காட்டினால் மிச்சம் வந்துவிடும் என்று அந்த அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறார். இப்போது தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அவள்தான் தாத்தாவோடு உட்காருகிறாளாம். உங்களுக்கு இதில் பாதி தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த அக்கா படித்தது பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறன் மற்றும் பேச்சு-மொழி நோயியல் பட்டப்படிப்பு. இன்டர்ன்ஷிப்போடு நாலு வருடம். என்னிடம் வரும் நூறு குடும்பங்களில் ஒன்றுகூட இதைக் கேட்டு வருவதில்லை. பெயரே வாயில் நுழையாததாலோ என்னவோ.

என்ன படிப்பார்கள்? காது, தொண்டை, மூளை இவற்றின் உடற்கூறு, ஒலியின் இயற்பியல், மொழியியல், குழந்தை உளவியல், செவித்திறன் சோதனைகள், காதுக் கருவிகள். ஏட்டுப் படிப்போடு மட்டும் நிற்காது, நோயாளியை நேரில் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். முடித்தவர்களிடம் யார் வருவார்கள்? பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள், திக்கிப் பேசுகிற பையன்கள், அன்னப்பிளவு அறுவை முடிந்த குழந்தைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆசிரியைகள், குரல்வளைப் புற்றுநோயில் குரலையே இழந்தவர்கள். விழுங்க முடியாமல் மூக்கில் குழாயோடு இருக்கும் நோயாளிக்கு மறுபடி வாய்வழியாகச் சாப்பிடப் பழக்குவதும் இவர்கள் வேலைதான். இது பல டாக்டர் வீடுகளிலேயே தெரியாது.

காது கேட்பதற்காக அறுவை செய்து உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியில் காது கேளாத சிறு பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டிலேயே அதைப் பொருத்துகிறார்கள். ஆனால் கருவி வைத்த மறுநாள் பிள்ளை "அம்மா" என்று சொல்லிவிடாது. அது சினிமாவில்தான். சில வாரம் கழித்துக் கருவியை இயக்கி, அப்புறம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒலியைக் காதுக்கும் மூளைக்கும் பழக்க வேண்டும். மணிச்சத்தம் எது, குக்கர் விசில் எது, "பால்" எது, "பாய்" எது. அதைத் தமிழில்தான் செய்தாக வேண்டும், தமிழ் கேட்டு வளர்ந்த ஆள்தான் செய்தாக வேண்டும். ல, ள, ழ மூன்றையும் வாயில் எங்கே நாக்கு தொடுகிறது என்று காட்டிச் சொல்லித்தர வேறு மாநிலத்துத் தெரபிஸ்ட் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் திணறத்தான் செய்வார்.

இங்கேதான் உங்கள் ஐந்து வருடப் பிளாஸ்டிக் நாற்காலி வீண் போகவில்லை என்கிறேன். உங்கள் மகள் எட்டு வயதிலிருந்து தன் பாத்திரத்துக்குத் தானே டப்பிங் பேசியவள். உதட்டைப் பார்த்து, மூச்சை அளந்து, ஒரே வரியை இருபது தரம் சலிக்காமல் சொல்லப் பழகியவள். ஸ்பீச் தெரபியில் பாதி வேலை அந்தச் சலிக்காமைதான். மூன்று வயதுப் பிள்ளை முன்னால் வெட்கமில்லாமல் யானையாகவும் ரயிலாகவும் மாறத் தெரியவேண்டும். பல நல்ல மாணவிகள் முதல் வருடம் அங்கேதான் தடுமாறுவார்கள். இவளுக்கு அது கைவந்த கலை.

எங்கே படிப்பது? மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, நாட்டிலேயே இந்தத் துறைக்குத் தாய்வீடு. தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் நிஷ் என்கிற தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், புதுச்சேரியில் ஜிப்மர், இங்கே சென்னை மருத்துவக் கல்லூரி. நம் மாநில அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் பாராமெடிக்கல் கலந்தாய்வு வழியாகப் போக வேண்டும். எந்தப் பாடம், எவ்வளவு மார்க், எந்தத் தேர்வு என்பதை அந்தந்த ஆண்டுக் குறிப்பேட்டில் நீங்களே படியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். அவள் உயிரியல் எடுத்திருக்கிறாள், அதனால் கதவு திறந்துதான் இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? அந்தக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸ் விளம்பரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அரசு இடம் கிடைத்தால் வருடக் கட்டணம் மாமாவின் போட்டோஷூட் செலவைத் தாண்டாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் சாப்ட்வேர்காரர்களைப் போல இருக்காது. மேற்படிப்பு படித்தால்தான் நன்றாக ஏறும். யாரும் கைதட்ட மாட்டார்கள். ஒரு பிள்ளை ஒரு வார்த்தை சொல்ல எட்டு மாதம் ஆகும், நடுவில் பெற்றோர் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் போவார்கள். அரசு மருத்துவமனைகள், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள், சிறப்புப் பள்ளிகள் என்று வேலை இருக்கிறது, ஆனால் ஊர் மாறத் தயாராக இருக்க வேண்டும்.

"அப்போ நடிப்பு அவ்வளவுதானா சார்?" என்று உங்கள் முகம் கேட்டது. டேனிகா மெக்கெல்லர் என்று ஒரு அமெரிக்க நடிகை. 1988 முதல் 1993 வரை ஒரு தொலைக்காட்சித் தொடரில் சிறுமியாக நடித்து நாடறிந்தவர். அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸில் கணிதம் படித்தார், 1998-ல் பட்டம். மாணவியாக இருக்கும்போதே எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு தேற்றம் அவர் பெயரையும் சேர்த்து வழங்குகிறது. சிறுமிகளுக்காகக் கணக்குப் புத்தகங்கள் எழுதினார். பிறகு மறுபடி நடிக்கவும் செய்தார். படித்ததால் எந்த கேமராவும் அவரைத் துரத்திவிடவில்லை. உங்கள் மகளுக்கு இருபத்து மூன்று வயதில் நடிக்கத் தோன்றினால் நடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை டப்பிங் போகட்டும். அது அவள் கேட்டு நடக்க வேண்டும்.

வீட்டில் மாமாவுக்கு என்ன சொல்வது என்று கவலைப்படாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள், திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அவளை மட்டும் அனுப்புங்கள். அதற்குள் அந்தத் தெரபிஸ்ட் அக்காவிடம் கேட்டு, அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு முழு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அதையும் என்னிடம் வந்து சொல்லட்டும், வேறு யோசிக்கலாம். வரும்போது அந்த வைப்புத்தொகைச் சீட்டை அவள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். இதுவரை அதை அவள் பார்த்ததே இல்லையாம்.