மேஸ்திரி யார் வீட்டுக்கு வருவான்?

அன்புள்ள அம்மா,

செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்களை மூன்று மாதங்களாகப் படம்பிடித்து வருகிறேன். 40 மணி நேரப் பதிவு இருக்கிறது. ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்ப இன்னும் ஒரு மாதமே உள்ளது. இதை ஆவணப்படமாக முடிப்பதா, வீதி நாடகமாகச் செய்வதா? எது மக்களிடம் அதிகம் போய்ச் சேரும்? குரலற்றவர்களின் குரலாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

க.

அன்புள்ள க.,

இந்த வெயிலில் மூன்று மாதம் சூளையில் நின்றிருக்கிறீர்கள். அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது.

யாரம்மா குரலற்றவர்கள்? மேஸ்திரி குறைத்து எழுதிய கல் கணக்கை விரல்விட்டு எண்ணிக் காட்டிச் சண்டை போடுகிறாளே, அவளுக்கா குரல் இல்லை? பிறகு 40 மணி நேரம் எதைப் பதிவு செய்தீர்கள்? பேசினால் முன்பணத்தை உடனே திருப்பிக் கேட்பார்கள் என்று சில இடங்களில் வாயை மூடிக்கொள்கிறார்கள். கடனுக்கு அஞ்சி அடங்கியிருப்பதைக் குரலின்மை என்று எழுதாதீர்கள்.

1990களில் ஒரு கல்குவாரிக் குடியிருப்பில் எங்கள் குழு நாடகம் போட்டது. முடிவில் நான் முன்பணச் சீட்டைக் கிழித்து மேஸ்திரியின் முகத்தில் எறிவேன். நல்ல கைதட்டல். பறைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி அருகில் வந்தார். “நீ ராத்திரி பஸ்ஸில் போய்விடுவாய் தாயி. மேஸ்திரி காலையில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்.

பல ஆண்டுகள் கழித்து, பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் எழுதியதில் அந்தப் பாட்டியை மறுபடி சந்தித்தேன். பிரேசிலின் வடகிழக்கில், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கிகளை உயர்த்தி அவருடைய குழு நாடகத்தை முடித்தது. விர்ஜீலியோ என்ற விவசாயி, வாருங்கள், இப்போதே பண்ணையாரின் ஆட்களை விரட்டுவோம் என்றார். இவை பொய்த் துப்பாக்கிகள் என்றார்கள். நிஜத் துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள் என்று குழு பின்வாங்கியது. அப்படியானால் நீங்கள் சொன்ன ரத்தம் எங்களுடையதுதான் என்று விர்ஜீலியோவுக்குப் புரிந்தது.

போவால் பார்வையாளருக்குத் தீர்வு சொல்வதையே விட்டார். பின்னாளில், சிக்கல் முற்றும் இடத்தில் நாடகத்தை நிறுத்தி, பார்ப்பவரையே மேடையேற்றி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று செய்து காட்டச் சொன்னார். 1993 முதல் 1996 வரை அவர் ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படி மேடையில் பிறந்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. மேற்கு வங்கத்தின் ஜன சன்ஸ்கிருதி குழு இதே முறையில் கிராமங்களில் நாடகம் போடுகிறது. அந்தப் பாட்டியை அன்று மேடைக்கு அழைக்க எனக்குத் தெரியவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

விழாவின் கடைசித் தேதியை விடுங்கள். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்துக்கு 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். படமா நாடகமா என்பதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? மேஸ்திரி இல்லாத ஓர் இரவாகப் பார்த்து, சூளையில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, பதிவு செய்ததைப் போட்டுக் காட்டுங்கள். யார் முகம் இருக்கலாம், யார் முகம் கூடாது என்று அவர்கள் சொல்லட்டும். நீக்கச் சொன்னதை நீக்கிவிடுங்கள், அது உங்கள் மிகச் சிறந்த காட்சியாக இருந்தாலும். மழை தொடங்கினால் சூளை நின்றுவிடும், குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும். அதற்குள் போங்கள்.