டிரைவ்-த்ரூ காபிக் கடை வருகிறது: போர்டின் முன் எதைக் கேட்பது?

நியூஜெர்சியில் டிரைவ்-த்ரூ (காரிலிருந்து இறங்காமல் ஜன்னலில் வாங்கிப் போகும்) பானக் கடைகளுக்கான ஸோனிங் விண்ணப்பங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். ஸோனிங் சட்டம், அதாவது எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற விதி, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விண்ணப்பத்தை விசாரித்து முடிவு சொல்வது ஊரின் போர்டு. கீழே உள்ளவை நியூஜெர்சிக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பழைய வங்கிக் கட்டடத்தை இடித்துவிட்டு, உட்கார இடமில்லாத டிரைவ்-த்ரூ காபிக் கடை கட்டப் போகிறார்களாம். சர்டிஃபைட் மெயிலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. 'கண்டிஷனல் யூஸ் வேரியன்ஸ்' என்று போட்டிருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, மிடில்செக்ஸ் கவுண்டி

முதலில் நோட்டீஸில் உள்ள விசாரணைத் தேதியையும் அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலத்தைச் சுற்றி 200 அடிக்குள் சொத்து உள்ள எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே விண்ணப்பதாரர் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். வரைபடங்களும் அறிக்கைகளும் அதே 10 நாள் முன்பிலிருந்து டவுன்ஷிப் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். விசாரணை இரவன்று சுவரில் ஒட்டிய படத்தை முதல்முறை பார்த்துச் சரியான கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன்பே போய் சைட் பிளான், டிராஃபிக் அறிக்கை, லைட்டிங் பிளான், போர்டின் சொந்த எஞ்சினியரும் பிளானரும் எழுதிய மதிப்பாய்வுக் கடிதங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். இதில் கடைசியாகச் சொன்ன கடிதங்களைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். எந்த இடத்தில் விண்ணப்பம் விதியை மீறுகிறது என்பதை அவர்களே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பார்கள்.

நோட்டீஸின் வாசகத்தையும் கவனியுங்கள். என்ன வரப்போகிறது என்பது சாதாரண ஆளுக்குப் புரியும்படி அதில் இருக்க வேண்டும். லேசி டவுன்ஷிப்பில் பெரிய கே-மார்ட் கடை வரவிருந்தது நோட்டீஸில் தெளிவாக இல்லை என்பதற்காக, 1996-இல் பெர்ல்மார்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியைச் செல்லாததாக்கியது. உங்கள் நோட்டீஸில் 'டிரைவ்-த்ரூ' என்ற சொல்லே இல்லாமல் 'வணிகக் கட்டடம்' என்று மட்டும் இருந்தால், விசாரணை தொடங்கியதும் முதல் ஆளாக எழுந்து அதைச் சொல்லுங்கள். நோட்டீஸ் பழுதானால் போர்டுக்கு அந்த விண்ணப்பத்தை விசாரிக்கவே அதிகாரம் கிடையாது.

இனி 'கண்டிஷனல் யூஸ் வேரியன்ஸ்' என்ற சொற்றொடர். வேரியன்ஸ் என்றால் விதிவிலக்கு. உங்கள் மண்டலத்தில் டிரைவ்-த்ரூவுக்கு இடம் உண்டு, ஆனால் சில நிபந்தனைகளோடு. அத்தனையும் பூர்த்தியானால் பிளானிங் போர்டே முடித்துவிடும். ஒன்று தவறினாலும் விஷயம் ஸோனிங் போர்டுக்குப் போகிறது, சாதாரணப் பெரும்பான்மை போதாது, 5 ஆதரவு வாக்குகள் வேண்டும். போர்டில் வாக்களிப்பவர்கள் 7 பேர். வராதவரும் வாக்களிக்காதவரும் கணக்கில் எதிர் வாக்கு போட்டவருக்குச் சமம். எந்த நிபந்தனை தவறியது என்று கண்டுபிடியுங்கள். உதாரணமாக, வீட்டு எல்லையிலிருந்து 100 அடி தள்ளி டிரைவ்-த்ரூ பாதை இருக்க வேண்டும் என்று விதி இருந்து, பிளானில் 60 அடிதான் காட்டியிருக்கலாம். மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் கவென்ட்ரி ஸ்கொயர் வழக்கில் வகுத்த அளவுகோல்படி, காபிக் கடை ஊருக்கு நல்லதா என்பது கேள்வியே இல்லை. அந்த 40 அடி குறைந்தும் அதனால் வரும் தொல்லையை இந்த மனை தாங்குமா என்பதுதான் கேள்வி. அந்த 40 அடியை விட்டு வெளியே போகாதீர்கள்.

கேள்வி: டிராஃபிக் அறிக்கை 'சராசரி வரிசை 5 கார், பாதையில் 10 காருக்கு இடம் உண்டு, பிரச்சினை இல்லை' என்கிறது. படிக்கச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் பக்கத்து ஊரில் இதே மாதிரிக் கடையின் வரிசை ரோடு வரை நிற்கிறதே?
— வாசகர், சாமர்செட் கவுண்டி

கேட்க வேண்டிய ஒரே கேள்வியைப் பிடித்துவிட்டீர்கள். சராசரியை வைத்து வரிசையை அளக்கவே கூடாது.

ஜன்னலில் ஒரு காருக்குச் சராசரி 50 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 72 கார் போகலாம். காலையில் மணிக்கு 60 கார் வந்தால் 12 காருக்கு இடம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கார்கள் நிமிடத்துக்கு ஒன்றாக எண்ணி விட்டதுபோல வருவதில்லை. இரண்டு நிமிடம் யாரும் வரமாட்டார்கள், அப்புறம் நாலு கார் சேர்ந்தாற்போல வரும். வரிசைக் கணக்கின் எளிய சூத்திரத்தில் போட்டால், ஜன்னலில் நிற்கும் காரையும் சேர்த்துச் சராசரி 5 கார். அது வரை அறிக்கை சரி. ஆனால் 10 காருக்கு மேல் நிற்கும் நேரம் 13 சதவீதம், அதாவது மணிக்கு 8 நிமிடம். எஞ்சினியர்கள் வழக்கமாக வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் 95-ஆவது சதமான வரிசை, அதாவது 95 சதவீத நேரம் தாண்டாத நீளம், 16 கார். காருக்கு 20 அடி என்றால் 320 அடி. பாதையில் இருப்பதோ 200 அடி.

இன்னொன்று. வருகை மணிக்கு 60-லிருந்து 66 ஆகட்டும். பத்து சதவீதம்தான் கூடியது. சராசரி வரிசை 5-லிருந்து 11 ஆகிவிடும், 10 காருக்கு மேல் நிற்கும் நேரம் 38 சதவீதம். கொள்ளளவை நெருங்க நெருங்க வரிசை நேர்கோட்டில் வளராது, எகிறும். பக்கத்து ஊர்க் கடையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். (நிஜத்தில் ஜன்னல் நேரம் இந்தச் சூத்திரம் எண்ணுகிற அளவுக்கு ஏறி இறங்காது, ஆகவே வரிசை கொஞ்சம் குறையலாம். அவர்களுடைய எஞ்சினியர் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அதோடு, 95-ஆவது சதமானம் எவ்வளவு என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.)

மணிக்கணக்கு இன்னொன்றையும் மறைக்கும். மணிக்கு 60 காரில் 20 கார் ஒரே கால்மணியில் வந்தால், அந்தக் கால்மணியின் வேகம் மணிக்கு 80. ஜன்னல் தாங்குவது 72. அந்த 15 நிமிடமும் வரிசை வளர்ந்துகொண்டே இருக்கும்.

'ஆர்டர் போர்டு இரண்டு வைக்கிறோம்', 'ஊழியர்கள் டேப்லெட்டோடு காருக்கே வந்து ஆர்டர் எடுப்பார்கள்' என்று பதில் வரும். ஆர்டர் எடுக்கும் வேகம் அதனால் கூடும், உண்மைதான். ஆனால் பானம் கைமாறும் ஜன்னல் ஒன்றுதானே? அங்கே ஆகும் நேரம்தான் மொத்த வரிசையையும் தீர்மானிக்கிறது. கறுப்புக் காபி சட்டென்று வந்துவிடும். ஐஸ் போட்டு அரைக்கும் பானங்களுக்கு நேரம் பிடிக்கும். அதனால் மாலை உச்ச நேரத்தையும் தனியாகக் கேளுங்கள்.

வண்டி எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். போக்குவரத்து எஞ்சினியர்களின் ஐடிஇ கையேட்டிலிருந்து கட்டடத்தின் சதுர அடியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், 900 சதுர அடிக் கடைக்கு எண்ணிக்கை குறைவாக வரக்கூடும். இந்த மாதிரிக் கடைக்கு வரும் கூட்டத்துக்கும் அதன் சதுர அடிக்கும் பெரிய தொடர்பு இல்லை. அதே நிறுவனத்தின் இயங்கும் கடைகள் இரண்டு மூன்றில், பள்ளி நடக்கும் வாரநாளில், எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். 'பெரும்பாலானோர் ஏற்கெனவே அந்த ரோட்டில் போகிறவர்கள்தான்' என்று ஒரு கழிவும் இருக்கும். சந்திப்புகளுக்கு அது நியாயம். கடை வாசலுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் ரோட்டில் போகிறவரும் உள்ளே திரும்பித்தானே வர வேண்டும்?

கடைசியாக, பிளானைக் கையில் வைத்துக்கொண்டு 11-ஆவது காரை எங்கே நிறுத்துவது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். அது நடைபாதையை மறிக்கிறதா, மாற்றுத்திறனாளிகள் பார்க்கிங்கிலிருந்து வண்டி வெளியே வர முடியாமல் செய்கிறதா, வரிசையிலிருந்து விலகிப் போகப் பக்கப் பாதை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கேள்வி: காலை 5 மணிக்கே திறப்பார்களாம். ஸ்பீக்கர் சத்தத்துக்கு வரம்பு ஏதாவது உண்டா?
— வாசகி, மெர்சர் கவுண்டி

உண்டு. மாநிலச் சத்த விதிப்படி வணிக இடத்திலிருந்து வரும் தொடர் சத்தம் வீட்டு எல்லையில் காலை 7 முதல் இரவு 10 வரை 65 டெசிபல், இரவு 10 முதல் காலை 7 வரை 50 டெசிபல். 5 மணிக்குத் திறக்கும் கடை முதல் இரண்டு மணி நேரமும் இரவு வரம்புக்குள் நடக்க வேண்டும். 65-க்கு உட்பட்டது என்று அறிக்கை சொன்னால், 7 மணிக்கு முன் என்ன ஆகும் என்று கேளுங்கள். சுற்றுச் சத்தத்துக்கு ஏற்ப ஒலியைத் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்பீக்கர், 7 மணிக்கு முன் திரையில் மட்டும் ஆர்டர், குப்பை லாரிக்கும் சரக்கு லாரிக்கும் நேரக்கட்டுப்பாடு ஆகியவற்றை நிபந்தனையாக எழுதச் சொல்லலாம். ஹெட்லைட்டுக்கு 6 அடி உயர அடைத்த வேலிதான் சரி. செடி வளர்ந்து மறைக்கச் சில வருடம் ஆகும், அதுவரை உங்கள் படுக்கையறைச் சுவரில்தான் வெளிச்சம்.

கேள்வி: தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். போர்டு உறுப்பினர் ஒருவர் எங்கள் பிள்ளைகளின் பள்ளி மூலம் தெரிந்தவர். அவரிடம் முன்கூட்டியே பேசலாமா?
— வாசகர், மிடில்செக்ஸ் கவுண்டி

பேசவே கூடாது. அங்கே நடப்பது ஒரு வழக்கு மாதிரி. சத்தியப் பிரமாணம் செய்து விசாரணையில் சொன்னதை மட்டும் வைத்து அவர்கள் முடிவெடுக்க வேண்டும். தனியாகப் பேசினால் அவர் விலக நேரிடும். கையெழுத்துத் தாளையும் அதே காரணத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்: தாளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர் நேரில் வந்து, ஆளுக்கொரு விஷயம் பேசினால் பலன் உண்டு.

'ஏற்கெனவே ரெண்டு காபிக் கடை இருக்கிறது' என்ற வாதம் வேண்டாம். போட்டி ஸோனிங் காரணமே அல்ல. 'வீட்டு விலை குறையும்' என்பதும் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து சாட்சி சொல்லாமல் எடுபடாது. ஆனால் 'காலை 7:40-க்கு ஸ்கூல் பஸ் இந்த இடத்தில் நிற்கிறது, அப்போது இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் இத்தனை' என்று தேதி போட்ட படத்தோடு சொன்னால் அது சாட்சியம்.

இன்னொரு நடைமுறை. ஒவ்வொரு சாட்சிக்கும் பிறகு மக்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம். கருத்துச் சொல்ல நேரம் பின்னால் தனியாக வரும். கேள்வி நேரத்தில் சொற்பொழிவு ஆற்றித் தலைவரிடம் உட்காரச் சொல்லி வாங்கிக்கொள்பவர்கள் அதிகம். "உங்கள் கணக்கில் ஜன்னல் நேரம் எத்தனை விநாடி?" என்பது கேள்வி. "இது ஆபத்தானது" என்பது கருத்து.

கேள்வி: நாங்கள் எச்-1பி விசாவில், வாடகை வீட்டில் இருக்கிறோம். நாங்கள் பேசினால் ஏற்றுக்கொள்வார்களா?
— வாசகர், மெர்சர் கவுண்டி

ஏற்றுக்கொள்வார்கள். சொத்தைப் பயன்படுத்தும், அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படக்கூடிய யாரையும் சட்டம் உரியவராகக் கருதுகிறது, அவர் அந்த ஊரில் வசித்தாலும் சரி, வெளியூரானாலும் சரி. குடியுரிமை கேட்கப்படுவதில்லை. பெயரும் முகவரியும் சொல்லி, உண்மை சொல்வதாக உறுதி கொடுத்தால் போதும். தபால் நோட்டீஸ் சொத்து உரிமையாளருக்குத்தான் வரும் என்பதால், டவுன்ஷிப் வலைத்தளத்தில் அஜெண்டாவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நானும் மைத்துனரும் ஃபில்டர் காபி டிரைவ்-த்ரூ தொடங்க எண்ணி, மூடிக்கிடக்கும் ஒரு வங்கிக் கிளையைப் பார்த்திருக்கிறோம். டிரைவ்-த்ரூ ஜன்னல் ஏற்கெனவே இருக்கிறது. அனுமதி தேவையா?
— வாசகர், ஹட்சன் கவுண்டி

பெரும்பாலும் தேவை. பல ஊர் விதிகளில் வங்கி டிரைவ்-த்ரூ வேறு, உணவு டிரைவ்-த்ரூ வேறு. வங்கிக்குக் காலை 7 மணிக்குக் கூட்டம் கிடையாது, ஸ்பீக்கரில் மெனு ஓடுவதும் இல்லை. லீஸில் கையெழுத்துப் போடும் முன் ஸோனிங் ஆபீசரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக "பரவாயில்லை" என்று சொன்னதை நம்பி எஸ்பிரசோ மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எல்லா அனுமதியும் கிடைத்து, மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்த பிறகே வாடகை தொடங்கும் என்று லீஸில் எழுதுங்கள்.

எல்எல்சி பெயரில் விண்ணப்பித்தால் வக்கீல் கட்டாயம், நீங்களே வாதாட முடியாது. 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களின் பெயரை வெளியிட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் தவிர, போர்டின் எஞ்சினியர், பிளானர் செலவுக்காக எஸ்க்ரோ என்ற முன்வைப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும், அது தீரத் தீர மறுபடி நிரப்பச் சொல்வார்கள். விண்ணப்பம் முழுமையா என்று சொல்ல டவுன்ஷிப்புக்கு 45 நாள். 200 அடிப் பட்டியலை அவர்களிடமே சான்றளித்து வாங்குங்கள். பெயருக்கு 25 சென்ட் அல்லது 10 டாலர், இதில் எது அதிகமோ அது கட்டணம், 7 நாளில் தர வேண்டும். பட்டியலில் பிழை இருந்தாலும் உங்கள் நோட்டீஸ் செல்லும் என்ற பாதுகாப்பு அந்தச் சான்றளித்த பட்டியலால்தான் கிடைக்கிறது. மனை கவுண்டி ரோட்டை ஒட்டியிருந்தால் கவுண்டி பிளானிங் போர்டுக்கும், மாநில நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தால் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் நோட்டீஸ் போக வேண்டும். 5,000 சதுர அடிக்கு மேல் மண்ணைக் கிளறினால் மண் பாதுகாப்பு மாவட்டத்தின் சான்றும் வேண்டும். விசாரணைக்கு முன் பின்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். வேலியின் உயரத்தை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்த விண்ணப்பத்துக்கு எதிர்ப்பு நிச்சயம் குறையும்.

கேள்வி: போர்டு அனுமதி கொடுத்துவிட்டது. இனி வழியே இல்லையா?
— வாசகி, சாமர்செட் கவுண்டி

வாக்கெடுப்புக்கு 45 நாளுக்குள் தீர்மானத்தை எழுத்தில் நிறைவேற்றுவார்கள். அன்று அதன் வாசகத்தைப் படியுங்கள். விசாரணையில் அவர்கள் ஒப்புக்கொண்ட சரக்கு நேரமும் வேலியும் அதில் இல்லையென்றால், அவற்றைக் கட்டாயப்படுத்துவது பின்னால் மிகக் கடினம். விட்டுப்போனது தெரிந்தால் போர்டு செயலருக்கு விசாரணைப் பதிவின் நேரத்தைக் குறிப்பிட்டு உடனே எழுதுங்கள். முடிவின் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குப் போடலாம். நீதிபதி புதிதாகச் சாட்சி கேட்கமாட்டார், விசாரணைப் பதிவில் இருப்பதை வைத்து, போர்டின் முடிவு தான்தோன்றித்தனமானதா என்று மட்டும் பார்ப்பார். அதனால் வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஒலிப்பதிவின் நகலையும் போர்டில் நீங்கள் கொடுத்த படங்களின் எண்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.