அமெரிக்க அப்பீலில் கைதும் முகாந்திரமும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒருவரைக் கைது செய்யப் போதுமான முகாந்திரம் (‘ப்ராபபிள் காஸ்’, அதாவது ஆள் குற்றம் செய்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம்) இருந்ததா என்ற பிரச்சினை அப்பீலில் எப்படி வருகிறது? அதை மட்டும் கேளுங்கள் என்று வாசகர்களிடம் சொல்லியிருந்தேன். விசா கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: யாரோ போட்டுக்கொடுத்தார் என்பதற்காக வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாமா?

போட்டுக்கொடுத்தவர் யார், என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது. 1956 செப்டம்பர், டென்வர். போதைத் தடுப்பு அதிகாரிக்கு ஆறு மாதமாகச் சரியான துப்பு கொடுத்துவந்த ஒருவர், டிரேப்பர் என்பவர் சிகாகோ போயிருக்கிறார், 8 அல்லது 9ஆம் தேதி காலை ரயிலில் ஹெராயினோடு திரும்புவார் என்கிறார். வெளிர் நிற ரெயின்கோட், பழுப்பு பேன்ட், கறுப்பு ஷூ, கையில் ஜிப் வைத்த பை. ஆள் வேகமாக நடப்பார். 8ஆம் தேதி யாரும் வரவில்லை. மறுநாள் அப்படியே ஒருவர் இறங்கி விறுவிறுவென்று நடந்தார். கோட்டுப் பைக்குள் இடது கை பொத்தி வைத்திருந்தது இரண்டு உறை ஹெராயின்.

1959இல் உச்ச நீதிமன்றம் கைது செல்லும் என்றது. உடையும் நடையும் ஒத்துப்போனதால் மிச்சத்தையும் நம்ப இடமிருந்ததாம். நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒப்பவில்லை. எனக்கும் அவர் பக்கம்தான் சாய்வு. ரயிலிறங்கி வேகமாக நடப்பது குற்றமா?

இதோடு கிளீவ்லாந்தின் பெக் வழக்கையும் படியுங்கள். காலுறைக்குள் சூதாட்டச் சீட்டுகள் சிக்கின. ‘தகவல் வந்தது’ என்றார் போலீஸ்காரர். யார், என்ன சொன்னார் என்பது வழக்குக் கட்டில் இல்லை. 1964இல் தண்டனை ரத்து. அப்பீல் நீதிபதி பார்ப்பது அந்த வழக்குக் கட்டை மட்டும்தான். கீழ்க்கோர்ட்டில் பதிவாகாதது அங்கே நடக்காததுதான்.

கேள்வி: கைதே தப்பு என்றால் தண்டனையும் போய்விடுமா?

போகாது. கைதால் கிடைத்த சாட்சியம்தான் போகலாம். சிகாகோவில் ஒருவரை விலங்கிட்டு அடித்து மிச்சிகனுக்கு இழுத்துப்போனதாகப் புகார். 1952இல் உச்ச நீதிமன்றம் அதற்காகத் தண்டனையை ரத்து செய்ய மறுத்தது. சாட்சியத்தை விலக்கக் கேட்டு விசாரணைக்கு முன்பே மனுப் போட்டாக வேண்டும்.

கேள்வி: பொருள் சிக்கிவிட்டதே, அப்புறம் கைது எப்படித் தப்பாகும்?

கைது செய்த நொடியில் போலீஸுக்குத் தெரிந்திருந்ததுதான் கணக்கு. பின்னால் சிக்கியது சேராது.

கேள்வி: முகாந்திரம் என்றால் எத்தனை சதவீதம்? பாதிக்கு மேல் வேண்டாமா?

வேண்டாம். எண் சொல்ல நீதிமன்றம் மறுக்கிறது.

(அவரே மறுபடி: காரில் மூன்று பேர், போதைப்பொருள் ஒருவருடையது. ஆளுக்கு 33 சதவீதம். மூவரையும் பிடிக்கலாமா?)

பிடித்தார்கள். மேரிலாந்தில் பிரிங்கிள் வழக்கு: 1999, அதிகாலை 3:16, டாஷ்போர்டு அறையில் 763 டாலர், பின்சீட் கைதாங்கிக்குப் பின்னால் ஐந்து பொட்டலம் கொக்கேய்ன், யாரும் வாய் திறக்கவில்லை. 2003இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கைது சரி என்றார்கள். சின்னக் காரில் மூவரும் கூட்டாளிகள் என்று நினைக்க இடமுண்டாம்.

(இன்னொருவர்: சரிதானே, கூட வந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்?)

லிஃப்ட் கேட்டு ஏறியவன் பின்சீட்டைக் குடைந்தா பார்ப்பான்?

(முதலாமவர்: அப்படியானால் மதுக்கடையில் இருந்த எல்லோரையும்?)

முடியாது. 1979 இபார்ரா வழக்கு: சோதனை வாரண்ட் கடைக்கும் பார்மேனுக்கும் மட்டும், அங்கிருந்த வாடிக்கையாளரைச் சோதித்தது செல்லவில்லை. கடைக்கும் காருக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்காதீர்கள், நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி: இந்தியாவில்?

அந்தச் சொல்லே கிடையாது. அங்கே வாரண்ட் இல்லாத கைதுக்குப் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டம்) 35ஆம் பிரிவு. உள்ளூர் வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி: கைது தப்பு, விசாரணையில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அப்பீலில்…

விசாரணைக்கு முன்பே மனு. மேலே படியுங்கள்.

கேள்வி: மனுப் போட்டோம், தோற்றோம். அப்புறம் கைதானவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான்.

ஃபெடரல் (மத்திய) கோர்ட்டா? அந்த மனு மீது அப்பீல் போகும் உரிமையை எழுத்தில் தக்கவைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டானா? குற்ற ஒப்புதல் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.