‘குடத்தைக்கூடத் தூக்காதே’ என்கிறார் அம்மா!

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் உடற்பயிற்சி பற்றிய கேள்விகளுக்கு, தாமும் சக்கர நாற்காலியில் வாழும் எடைப் பயிற்சியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: தென்னை ஏறும் தொழிலில் இருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் மரத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பில் இடுப்புக்குச் சற்று மேலே உள்ள டி12 எலும்பு நொறுங்கிவிட்டது. ராடும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற அண்ணன்தான் தூக்கிவிடுகிறார். நண்பர் ஒருவர் ஜிம் வைத்திருக்கிறார், வரச் சொல்கிறார். ‘உள்ளே இருக்கிற கம்பி விலகிவிடும், குடத்தைக்கூடத் தூக்காதே’ என்று அம்மா தடுக்கிறார். எடை தூக்கலாமா? எவ்வளவு?
– வாசகர், பொள்ளாச்சி வட்டாரம்

பதில்: ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களுக்கு அம்மா சொல்வது சரிதான். எலும்பு கூடும் வரை முட்டுக் கொடுக்கத்தான் கம்பியை வைக்கிறார்கள். கூடிய பிறகு பாரத்தை எலும்பு தாங்கிக்கொள்ளும். கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப்போய், அவர் காதுபடக் கேளுங்கள். நீங்கள் வந்து சொன்னால் நம்பமாட்டார். எந்த அம்மாவும் நம்பமாட்டார்.

மருத்துவர் சரி என்றால், எதற்காகத் தூக்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம். அண்ணன் தூக்கிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நிறுத்துவதற்குத்தான். டி12 என்றால் கைகளுக்குக் குறைவில்லை, வயிற்றுத் தசைகளும் பெரும்பாலும் வேலை செய்யும். மரம் ஏறிய கை வேறு! இந்த இடத்தில் அடிபட்ட பலர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டருக்கும் தாமாகவே மாறிக்கொள்கிறார்கள்.

மாறுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. தலை எந்தப் பக்கம் போகிறதோ, இடுப்பு அதற்கு எதிர்ப்பக்கம் போகும். நாற்காலி வலப்பக்கம் இருந்தால் வலக்கையை நாற்காலியிலும் இடக்கையைக் கட்டிலிலும் ஊன்றி, முன்னால் குனிந்து, தலையை இடப்பக்கம் கீழே கொண்டு போங்கள். பிட்டம் தானாக எழும்பி வலப்பக்கம் நகரும். நேராக நிமிர்ந்துகொண்டு, கைப்பலத்தை மட்டும் நம்பித் தாவுகிறவர்கள்தான் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து புண் வாங்குகிறார்கள். முதலில் ஃபிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்கட்டும்.

இனி பயிற்சி. ஜிம்முக்குப் போனதும் நண்பர் உங்களைப் படுக்க வைத்து, மார்புக்கு மேலே எடையைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யச் சொல்வார். செய்யலாம், ஆனால் சாதாரண பெஞ்ச் குறுகலானது, காலை ஊன்ற முடியாதவர் உருண்டுவிடுவார். மாற்றுத்திறனாளிகளுக்கான எடை தூக்கும் போட்டியான பாரா பவர்லிஃப்டிங்கில் வீரர்கள் அகலமான பெஞ்சில் காலை நீட்டிப் பட்டையால் கட்டிக்கொண்டுதான் தூக்குகிறார்கள். அது கிடைக்காவிட்டால் தரையில் மெத்தை விரித்துச் செய்யுங்கள். எடை மேலே இருக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

அதைவிட முக்கியம் இழுக்கும் பயிற்சி. நாள் முழுதும் சக்கரத்தைத் தள்ளுவதால் மார்பும் தோளின் முன்பக்கமும் எப்படியும் வேலை செய்துகொண்டே இருக்கும். முதுகுப்பக்கம் பின்தங்கித் தோள் முன்னால் மடங்கிவிடும். பல வருடம் நாற்காலியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், காலைப் பற்றிப் பேசமாட்டார்கள், தோள்வலியைப் பற்றித்தான் புலம்புவார்கள். எடையை ஒரு முறை தள்ளினால் இரு முறை இழுங்கள் என்பேன் நான். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, பிரேக்கைப் போட்டுக்கொண்டு, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கும்படி இழுங்கள். ஜிம்மே வேண்டாம், வீட்டிலேயே தொடங்கிவிடலாம்.

எவ்வளவு என்றால், எட்டு முதல் பத்து முறை தூக்கி, கடைசி இரண்டில் திணறுகிற எடை. அப்படி மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள். தண்டுவடம் பாதித்தவர்களுக்காக 2018இல் வெளியான சர்வதேசப் பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது. கூடவே, மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலை அசைக்கும் பயிற்சி இருபது நிமிடமாவது, அதுவும் வாரம் இரு முறை. இரவில் ஒருக்களித்துப் படுக்கும்போது தோள் வலித்தால் எடையைக் குறையுங்கள்.

நண்பரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: உங்கள் காலை முறுக்குவதோ பாதத்தில் எடை கட்டுவதோ கூடாது. பாரம் தாங்காத கால் எலும்பு மெலிந்திருக்கும். உடைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பின்பாக்கெட்டில் போன், சாவி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், அழுத்திப் புண்ணாகிவிடும். கால் வீசி நடக்க வைக்கிறேன் என்று பணம் கேட்கிற பயிற்சியாளர் வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தைப் பற்றி விசாரியுங்கள். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கிய இடம் அது.

கேள்வி: என் தம்பிக்குக் கழுத்தில் அடிபட்டது. டம்பெல் தூக்கும்போது சில நாள் திடீரென முகம் சிவந்து, வியர்த்து, தலை பிளக்கிறது என்கிறான். பயிற்சியின் களைப்பா?
– வாசகி, திருச்சி

பதில்: களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சுக்குப் பின்னால் உள்ள டி6 எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, உடம்பின் கீழ்ப்பகுதியில் ஏதாவது உறுத்தினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும்; பக்கவாதம் வரைக்கும் போகலாம். பெரும்பாலும் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பைதான். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சிறுநீர் வெளியேற மாட்டிய குழாய் இருந்தால், அது மடங்கியிருக்கிறதா பாருங்கள், இடுப்புப் பட்டையைத் தளர்த்துங்கள். மலச்சிக்கலும் படுக்கைப் புண்ணும்கூட இதைக் கிளப்பும். அடங்காவிட்டால் நேராக மருத்துவமனை. அடங்கினாலும் மருத்துவரிடம் சொல்லாமல் அடுத்த டம்பெல்லைத் தொட வேண்டாம்.

இந்த ரத்த அழுத்த ஏற்றத்தைப் பந்தயத்துக்காக வேண்டுமென்றே வரவழைத்த வீரர்களும் உண்டு! 1994இல் பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்தது.

கேள்வி: பெண்ணுக்கு எதற்கு எடை தூக்குவது என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, மதுரை

பதில்: பாராலிம்பிக் பவர்லிஃப்டிங்கில் 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து பெண்கள் தூக்குகிறார்கள். போலியோ பாதித்த நம் நாட்டின் சகீனா காத்தூன் 2014 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால், வாக்குவாதத்தில் நேரத்தை வீணாக்காமல் பயிற்சிக்குப் போங்கள். பணம் கட்டும் முன் அந்த ஜிம்மின் கழிப்பறைக் கதவை மட்டும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். வாசலில் சாய்தளம் போட்டுவிட்டு, கழிப்பறையை மறந்துவிடுகிறார்கள்.