பொரித்த டோர்ட்டியாவை தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: என் மகன் வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் இருக்கிறான். இரவில் பெரும்பாலும் பொரித்த டோர்ட்டியாவும் பீன்ஸும்தான் சாப்பிடுகிறானாம். நாள் தவறாமல் எண்ணெய்ப் பண்டம் தின்றால் உடம்பு என்னாவது?
– ஒரு தாய், மதுரை

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கவலையில் பாதியை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். டோர்ட்டியா மெல்லிய மக்காச்சோள ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவிப் போக்கிய பிறகே மாவாக அரைக்கிறார்கள். தானியத்துக்குள் உடலுக்கு எட்டாமல் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினை அந்தச் சுண்ணாம்புதான் விடுவிக்கிறது. மாவில் கால்சியமும் ஏறுகிறது. மக்காச்சோளத்தை ஏற்றுக்கொண்டு இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட வட இத்தாலியில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் மடிந்தார்கள். பொரிப்பதால் அந்தக் கால்சியம் போய்விடாது. மக்காச்சோளப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பீன்ஸ் ஈடுகட்டுகிறது. உங்கள் மகன் நல்ல ஜோடியைத்தான் பிடித்திருக்கிறார்.

இனி எண்ணெய். 30 கிராம் டோர்ட்டியா ஒன்றில் சுமார் 65 கலோரி இருக்கும். பொரிக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் புகுகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறினால் கணக்கு 100 கலோரியைத் தாண்டும். முழு வட்டமாகப் பொரித்த டொஸ்தாதா இரண்டு மூன்றோடு நிறுத்தினால், ஆரோக்கியமான இளைஞருக்கு அது பெரிய சுமை இல்லை. எனக்குப் பயம் தொத்தோப்போஸ் மீதுதான். ஒரு டோர்ட்டியாவை ஆறு துண்டாக்கிப் பொரித்தது அது. பேசிக்கொண்டே முப்பது துண்டைக் கொறித்துவிட்டால் ஐந்து டோர்ட்டியா உள்ளே போய்விட்டது. ஆனால், கொறித்தவருக்கு அது தெரிவதில்லை.

வீட்டில் பொரிப்பதானால், முந்தைய நாள் டோர்ட்டியாவை உலரவிட்டு, நன்கு காய்ந்த எண்ணெயில் போடச் சொல்லுங்கள். நீர் குறைந்திருந்தால் எண்ணெயும் குறைவாகவே ஏறும். எடுத்ததும் சூட்டோடு எண்ணெயை ஒற்றிவிட வேண்டும். ஆறும்போதுதான் மேலே படிந்த எண்ணெய் உள்ளே இறங்குகிறது. பன்றிக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் அங்கே உண்டு. கேட்டு வாங்குவது நல்லது. பாக்கெட் என்றால் முன்புறம் பார்க்கட்டும்: 2020 முதல் கலோரியோ உப்போ மிகுந்த உணவுகளில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். 'ஓர்னெயாதாஸ்' என்று அச்சிட்டிருந்தால் அது பொரிக்காமல் அடுப்பில் சுட்டது.

அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது எத்தனை சாப்பிட்டார், மேலே என்ன வைத்தார் என்று கேளுங்கள். பீன்ஸும் தக்காளியும் அவகாடோவும் என்றால் நிம்மதியாக இருங்கள். கிரீமும் சீஸும் என்றால், டோர்ட்டியாவை அல்ல, அவற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.